அவைக் குறிப்பில் நான் அடித்த வரி

போர்ட் ஆஃப் ஸ்பெயின்
27 மே 1962, ஞாயிறு

என் அன்பு மகள் வெர்னாவுக்கு,

உன் அப்பா எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் லீட்ஸ் குளிரில் இருமல் விட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று உன் கடிதத்தில் கண்டு அம்மாவுக்கு அன்றைக்குத்தான் சாப்பாடு இறங்கியது. அவளுடைய முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, மாடிப்படி மட்டும் ஆகவில்லை. நீ அனுப்பிய நீலக் கம்பளிச் சட்டையை இந்த வெயிலில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய் வியர்த்து விறுவிறுத்து வந்தாள், கழற்றச் சொன்னால் கேட்கவில்லை. வீட்டுக்காரி திருமதி மாரியோ இப்போதெல்லாம் நம்மைப் பார்க்கும் பார்வையே வேறு. போன வாரம் குழாயடியில் அம்மாவிடம், “என்ன யூலாலி, உங்க தீவுல கப்பல் திரும்பவே இடம் இல்லையாமே, போய் எங்கே இறங்குவீங்க?” என்று கேட்டாளாம். நாலு வருஷம் ஒரே அடுப்பில் சீமைப்பலா சுட்டுத் தின்றவள். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மகளே, இந்தக் கடிதத்தை நீ நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. ஜூன் பதினைந்தாம் தேதி ஆஸ்பத்திரி வேலையை விடப்போவதாகத் தலைமை நர்ஸிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், ஜூலைக் கப்பலுக்கு இடம் கேட்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். நம் தீவில் ஊர் ஆஸ்பத்திரியில் உனக்கு ஒரு இடம் வைத்திருப்பதாக உன் ஞானத் தகப்பன் கத்பர்ட் நெஸ்பீல்ட் எழுதினாராம், அதை நம்பித்தான் செய்தேன் என்கிறாய். அந்த இடம் இல்லை. எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள். ஏன் என்று சொல்லுகிறேன். சொல்வதில் என் குற்றமும் இருக்கிறது. அவர் வாயால் நீ அதைக் கேட்குமுன் என் கையால் எழுதிவிட வேண்டும் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்து வைத்துவிட்டு எழுதாமல் மூடினேன்.

நான் இங்கே வந்ததே கத்பர்ட் சொல்லித்தான் என்பது உனக்குத் தெரியும். ஊர்க் கோர்ட்டில் பத்தொன்பது வருஷம் சுருக்கெழுத்து எழுதி, ஓய்வூதியம் உள்ள வேலையில் இருந்தவன் நான். பத்துத் தீவும் கூட்டாட்சியாகச் சேர்ந்து ஒரே நாடாகப் போகிறது, அதன் நாடாளுமன்றத்துக்கு நான் உறுப்பினன், நீ அதன் சுருக்கெழுத்தன், ஒரே பெஞ்சில் படித்த இருவர் ஒரே கூரைக்குக் கீழே இருப்போம் வா என்றார். வந்தேன். போன செப்டம்பரில் ஜமைக்கா ஓட்டுப் போட்டுப் பிரிந்தது, ஜனவரியில் டிரினிடாடும் வேண்டாம் என்றது, அதெல்லாம் நீ பத்திரிகையில் படித்திருப்பாய். அதற்குப் பிறகு அவை கூடியபோது நடந்த கூத்தை எந்தப் பத்திரிகையும் முழுக்கப் போடவில்லை. பிரிந்துபோகிற தீவின் உறுப்பினருக்கு ஓட்டு உண்டா இல்லையா என்று ஒரு பகல் முழுக்கச் சண்டை. மிச்சம் எட்டுத் தீவு சேர்ந்து இருப்போம் என்று ஒருவர் எழுந்தால், தலைநகரம் எங்கள் ஊரில் என்றால் மட்டும் என்று அடுத்தவர் எழுந்தார். லண்டனைக் கேட்காமல் கலைக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம், லண்டன்தானே நம்மை மாட்டிவிட்டது என்று அதற்கு ஒரு திருத்தம். நாங்கள் பத்து நிமிஷத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து அவை நடுவில் மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினோம். வீடு இடிந்துகொண்டிருக்கும்போது யார் எந்த அறையில் படுப்பது என்று பேசுவதைப் போல இருந்தது. அதை எழுதுகிற நாங்களும் அந்த வீட்டில்தான் இருந்தோம்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை என் முறை நடக்கும்போது கத்பர்ட் எழுந்தார். கூட்டாட்சி அலுவலகங்களில் சின்னத் தீவுகளிலிருந்து வந்து வேலை பார்க்கிறவர்களைப் பற்றிப் பேசினார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பார்வையாளர் மாடியை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “இங்கே வேலை செய்கிற கடைசி ஊழியனுக்கும் அவனவன் தீவில் ஒரு நாற்காலி கிடைக்கிற வரையில், கலைப்புக்கு என் கை உயராது.” மாடியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், அவைத் தலைவர் கண்டித்தார். அன்றைக்குத் தட்டச்சுப் பிரிவில் மான்செராட்டிலிருந்து வந்த மிஸ் டாலி, யாரிடமும் சிரித்துப் பேசாதவள், என் மேஜைக்கு வந்து, “மிஸ்டர் குவாஷி, உங்க சிநேகிதர் இன்னைக்கு எங்க எல்லாருக்கும் மூச்சு விட வழி பண்ணிட்டார்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெருமையில் பாதியை நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலை கத்பர்ட் என் அறைக்கு வந்தார். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று ஒரு பொட்டலம் புளி உருண்டை கொண்டுவந்திருந்தார். பேச்சைத் தட்டச்சு செய்து உறுப்பினருக்குக் காட்டுவது வழக்கம், இலக்கணப் பிழை இருந்தால் திருத்தலாம், அர்த்தத்தை மாற்றக் கூடாது என்பது விதி. அவர் அந்தத் தாளை என் முன்னால் வைத்து அந்த வரியின் மேல் விரலை வைத்தார். ஊரில் முதலமைச்சர் கோபமாக இருக்கிறார், இத்தனை பேரையும் திரும்ப எடுத்துக்கொள் என்று வெளிப்படையாகக் கட்டாயப்படுத்தினால் ஒருவரையும் எடுக்கமாட்டார், லண்டனில் இதைச் சத்தமில்லாமல் பேசி முடித்துத் தருகிறேன், அதுவரைக்கும் இது அச்சில் இருக்க வேண்டாம் என்றார். விதியைச் சொன்னேன். அதற்கு அவர் சிரித்தார். “ஆல்பன், உன் பொண்ணை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கிட்டு நின்னவன் நான். உனக்குக் கெட்டது நினைப்பேனா?” என்றார். பென்சிலை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டேன். அவர் போடவில்லை, நான் போட்டேன். போட்டதும் என் தோளைத் தட்டினார். அவ்வளவுதான் மகளே, ஒரு நிமிஷ வேலை.

போன மாதம் கலைப்புத் தீர்மானம் வந்தது. எதிர்ப்பவர்கள் என்றபோது கத்பர்ட் கை உயரவில்லை, ஆதரிப்பவர்கள் என்றபோது உயர்ந்தது. எனக்கு எதிரே மூன்று கஜ தூரத்தில். ஊர் அமைச்சரவையில் அவருக்கு ஒரு இடம் பேசி முடிந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் ஊழியர் சங்கத்திலிருந்து மிஸ் டாலியும் இன்னும் மூன்று பேரும் அவரைப் பார்க்கப் போனார்கள், வாக்குக் கொடுத்தீர்களே என்று கேட்டார்கள். அவர் அச்சான அவைக் குறிப்பை அவர்களிடமே கொடுத்து, “அப்படி எங்கே சொன்னேன், காட்டுங்க” என்றாராம். பக்கத்தைப் புரட்டினார்கள், அந்த வரி இல்லை. மிஸ் டாலி, நானே என் காதால் கேட்டேன் ஐயா என்றிருக்கிறாள். “மாடியில கேக்கறதெல்லாம் சத்தம்தாம்மா. நான் பேசினது எதுன்னு ஆல்பன் குவாஷியைக் கேளுங்க, அவர்தான் எழுதினவர்” என்று சொல்லிவிட்டார். என் பெயரைத்தான் சொன்னார், வெர்னா. தன்னை மறைக்க என்னை எடுத்து முன்னால் நிறுத்தினார்.

மிஸ் டாலி என் மேஜைக்கு வந்து கேட்டபோது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நேரே அவர் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார், சட்டைகளை மடிப்பு மடிப்பாக அடுக்கிக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார். அந்த வரியைப் பற்றிக் கேட்டேன். “எந்த வரி?” என்றார். வேறு யாரிடமும் இல்லை, என்னிடம். நாற்பது வருஷப் பழக்கம், நான் எழுதியது அவருக்குத் தெரியும், அவர் சொன்னது எனக்குத் தெரியும், அறையில் மூன்றாவது ஆள் இல்லை, அப்படியும் எந்த வரி என்று கேட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். “அடிச்சது உன் கை, ஆல்பன். விசாரணைன்னு வந்தா போறது உன் வேலைதான், என்னுது இல்லை” என்றார். பிறகு குரலை இறக்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். ஊர்ச் சட்டசபைக்கு எழுத்தராக என்னை நியமித்து, கையெழுத்தெல்லாம் ஆகியிருந்தது. “உன்னை மட்டும் நான் விட்டுடலை பாரு, இதைக் கெடுத்துக்காதே” என்றார். உன் ஆஸ்பத்திரி இடத்தைப் பற்றியும் அப்போதுதான் சொன்னார், அப்பா வேலை நின்றால் மகள் வேலையும் நிற்கும் என்கிற தோரணையில்.

நான் அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாங்கிக்கொண்டேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. உன் அம்மா காலலூக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. கடைசிக் கீரைத் தண்டு வரைக்கும் ஆய்ந்து முடித்துவிட்டுச் சொன்னாள்: “அந்த நாற்காலியில நீங்க உக்காந்தா, அவர் கூப்பிடறப்பெல்லாம் பென்சிலை எடுத்துக்கிட்டுப் போகணும். அதுக்கு நான் ஊருக்கு வரலை.” அவ்வளவு சொன்னவள் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டாள்.

அந்த வாரச் சனிக்கிழமை மதியம் கோயில் கூடத்தில் ஊழியர் கூட்டம். நாற்பது பேர் இருக்கும். பிப்ரவரி மாதத்துச் சுருக்கெழுத்து நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். மற்றவர் பேச்சை எழுதியே பிழைத்தவன், எழுந்து நின்று பேசியதில்லை. அந்த வரியை நோட்டிலிருந்து வாசித்தேன். பிறகு, இதை அடித்தவன் நான், சிநேகிதர் கேட்டார் என்று அடித்தேன், அது உங்களுக்குப் பிடிமானமான வரி என்று தெரிந்தே அடித்தேன் என்று சொன்னேன். சுருக்கெழுத்துத் தெரிந்த இரண்டு பேர் நோட்டை வாங்கிச் சரிபார்த்துத் தலையாட்டினார்கள். மிஸ் டாலி எழுந்தாள். “பிப்ரவரியில இதைச் சொல்லியிருந்தா நாங்க ஏதாவது பண்ணியிருப்போம், மிஸ்டர் குவாஷி. இப்ப சொல்லி உங்க மனசு லேசாச்சு, எங்களுக்கு என்ன ஆச்சு?” என்றாள். கத்பர்ட் எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்திருக்கிறேன் என்று அந்த நிமிஷம்தான் முழுக்க உறைத்தது.

நானே கைப்பட எழுதி அவைத் தலைவருக்குக் கொடுத்தேன். விசாரித்தார்கள், என்னைக் கண்டித்து ஒரு தாள் தந்தார்கள், இந்த மாதம் வந்த கடைசித் தொகுதியில் திருத்தம் என்று அந்த வரியை அச்சிட்டுவிட்டார்கள். அது இப்போது காகிதத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் கலைப்புக்குக் கத்பர்ட் கை தூக்கியது தூக்கியதுதான். அந்த வரியைக் காட்டிக் கேட்டதில் மூன்று பேருக்கு அவரவர் தீவில் ஏதோ வேலை கிடைத்தது, மிஸ் டாலிக்குக் கிடைக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை கப்பலில் மான்செராட்டுக்குப் போனாள். துறைமுகத்துக்குப் போனேன். தட்டச்சு யந்திரத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நான் தூக்கித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையசைத்தாள். என் நியமனம் ரத்து என்று ஊரிலிருந்து இரண்டு வரியில் கடிதம் வந்துவிட்டது, உன் இடமும் அதோடு போயிற்று. கத்பர்டைப் பத்திரிகைக்காரர்கள் கேட்டார்களாம், அந்தக் காலத்தில் உணர்ச்சிவசப்பட்டுப் பேசியிருக்கலாம் என்றாராம். பிப்ரவரி அவருக்கு அந்தக் காலம் ஆகிவிட்டது.

வருகிற வியாழக்கிழமையோடு கூட்டாட்சி முடிகிறது. வெள்ளிக்கிழமை காலை எழுந்தால் நானும் அம்மாவும் இதே வீட்டில், இதே கட்டிலில் அயல்நாட்டார், தங்குவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். ஹென்றி தெருவில் வணிகப் பள்ளி நடத்தும் மிஸ்டர் அச்சாங் சுருக்கெழுத்து சொல்லித்தர என்னைக் கேட்டிருக்கிறார், அவரே சீட்டுக்கும் எழுதிப் போட்டிருக்கிறார், கிடைத்தால் இருப்போம், கிடைக்காவிட்டால் அப்போது பார்க்கலாம். எங்களைப் பற்றிக் கவலைப்பட்டு நீ கிளம்பி வராதே. முக்கியமான சங்கதி இதுதான். ஜூலை முதல் தேதியிலிருந்து இங்கிலாந்துக்குள் நுழைய நம்மவர்களுக்குச் சீட்டு வேண்டும் என்று அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள், உனக்கே தெரிந்திருக்கும். நீ வெளியே வந்துவிட்டு வேலையில்லை என்று திரும்பிப் போனால் அந்தக் கதவு முன்போல் திறக்காது. இந்தப் பக்கமும் போய் அந்தப் பக்கமும் போய் நடுக்கடலில் நீ நிற்பதை நான் பார்க்கமாட்டேன். கடிதம் கிடைத்த அன்றே தலைமை நர்ஸைப் பார், குடும்பச் சூழ்நிலை மாறிவிட்டது என்று சொல், எல்லாம் விளக்க வேண்டியதில்லை.

உன் ஞானத் தகப்பனுக்கு நீ பதில் எழுதுவதா வேண்டாமா என்பதை உன்னிடமே விடுகிறேன். உன் பள்ளிக்கூடப் புத்தகங்களை வாங்கித் தந்தவர், அதையும் நான் இல்லை என்று சொல்லமாட்டேன். இடம் வைத்திருக்கிறேன் என்று அவர் எழுதிய கடிதத்தை மட்டும் கிழிக்காதே, பத்திரமாக வை. அப்பா மேல் உனக்குக் கோபம் இருந்தால் அதையும் எழுது, நல்ல வார்த்தையாகப் பார்த்துப் பொறுக்காதே.

நாலு வருஷமாக ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் சீக்கிரம் வந்துவிடு என்று எழுதி வந்தேன். முதல் தடவையாக இந்தக் கடிதத்தில் அதை எழுதாமல் விடுகிறேன். எழுத மனம் இல்லாமல் அல்ல.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நீ நிற்கிற இடத்தில் உன்னை உறுதியாக நிறுத்துவாராக. அம்மா முத்தங்கள் சொல்லச் சொன்னாள். நல்ல செருப்பாகப் பார்த்து வாங்கிக்கொள், வார்டில் நின்று நின்று உன் காலும் அவள் காலைப் போல் ஆகிவிடப் போகிறது என்கிறாள். தலைமை நர்ஸைப் பார்த்ததும் ஒரே ஒரு வரி எழுதிப் போடு, அது வரும்வரை இங்கே இருவருக்கும் தூக்கம் இல்லை.

உன்னை நினைத்தபடி இருக்கும்
உன் அப்பா,
ஆல்பன் குவாஷி