டேப்பட் கவருக்கு அடியில் இரண்டு பேக்கிங்

ஏலே,

போன ஞாயிறு காலை உன் பெண்டாட்டி ஸ்டெல்லா போன் செய்தாள். “அண்ணே, வண்டிய ஸ்டார்ட் பண்ணி ரெண்டு மாசமாவுது. பேட்டரி போயிடப் போவுது, வந்து பாருங்க” என்றாள். நீ போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது என்பதை அவள் அப்படித்தான் சொல்கிறாள். மந்தைவெளிக்கு வந்து, ஷெட்டைத் திறந்து, நம் காரைக் கிளப்பி ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் எண்ணெய் கருகும் வாசனை வந்தது. குனிந்து பார்த்தால் தரையில் சொட்டுச் சொட்டாக எண்ணெய். நாம் இருவரும் சேர்ந்து இந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து அந்தத் தரையில் ஒரு சொட்டு பார்த்தவனில்லை நான். பானெட்டைத் தூக்கினேன். அப்போது ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. இதை அஞ்சலி என்று நினைத்துக்கொள்ளாதே. சண்டை போடத்தான் எழுதுகிறேன்.

டேப்பட் கவரின் ஓரத்திலிருந்து எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்து, மேலே இருந்த இரண்டு நட்டையும் கழற்றிக் கவரைத் தூக்கினேன். அடியில் எண்ணெய் கசியாமல் அடைக்கிற கார்க் பேக்கிங். அதற்கும் அடியில் இன்னொரு கார்க் பேக்கிங். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. கவரைத் திருப்பிப் பார்த்தேன். அது நம் கவரே இல்லை.

உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் சொல்வேன், கேட்டுக்கொண்டு கிட. நம் வண்டி அறுபத்தெட்டு மாடல். வால்வுகளையும் அவற்றைத் தட்டும் ராக்கர்களையும் மூடுகிற அந்தத் தகரக் கவர் நம் மாடலில் உயரமாக இருக்கும். மேல்பக்கம் வழுவழு என்று இருக்கும், புகை போகிற குழாய் முன்பக்கம் நிற்கும். எழுபத்திநாலு மாடலில் ராக்கரைத் தாழ்த்தினார்கள். கவர் கால் அங்குலம் குட்டையானது, முதுகில் இரண்டு வரி வந்தது, குழாய் பின்பக்கம் போனது. அதற்கும் பிறகு வந்தது அலுமினிய வார்ப்பு, இரண்டு நட்டுக்குப் பதிலாகச் சுற்றிலும் ஆறு போல்ட்டு. புதுப்பேட்டையில் பழைய கார் சாமான் கடை கடையாக நின்று நாம் படித்த படிப்பு இது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் நீ, தி.நகரில் ஜவுளி விற்கிறவன் நான், நமக்கு எதற்கு இந்த வேலை என்று ஊரே சிரித்தது. நீ தனி நோட்டுப் போட்டு, ஸ்கேல் வைத்து, மூன்று கவரையும் படம் வரைந்து வைத்தாய்.

அப்பேர்ப்பட்டவன் என்ன செய்திருக்கிறாய்? எங்கிருந்தோ ஒரு எழுபத்திநாலு கவரைப் பிடித்து, முதுகில் இருந்த வரியைப் பட்டி பார்த்து மறைத்து, குழாயை அறுத்து முன்பக்கம் பற்றவைத்து, அதே பச்சை பெயிண்டை அடித்து மாட்டியிருக்கிறாய். குட்டைக் கவரில் ராக்கர் இடித்துச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று இரண்டு பேக்கிங் வைத்துத் தூக்கியிருக்கிறாய். இரண்டு வைத்தால் நடுவில் கசியாமல் இருக்குமா? கசியும் என்று உனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் துடைத்தாய்.

ஞாயிறுதோறும் சர்ச்சில் முதல் பூசை முடிந்து ஏழரைக்கு நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். நான் பத்து மணிக்கு வருவேன். இடையில் நீ என்ன செய்தாய் என்று இப்போதுதான் புரிகிறது. நான் வந்து நின்றால் எஞ்சின் கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி பளபளக்கும். “பாத்தியா, ஒரு சொட்டு இல்ல” என்று நான்தான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். ஒரு வருஷமாக அந்தப் பொய்க் கவரின்மேல் கை வைத்துக்கொண்டு பீற்றியிருக்கிறேன். கண்டுபிடிக்காத என்மேலும் எனக்குக் கோபம்தான்.

ஒரு ஞாயிறு மட்டும் எட்டரைக்கே வந்துவிட்டேன். நீ எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட்டை அவசரமாகப் பேன்ட் பைக்குள் திணித்தாய்.

“இன்னா நைனா, இன்னிக்கு சீக்கிரம் வந்துட்ட?”

“கை என்னலே இப்படி கருப்பா இருக்கு?”

“தூசிப்பா. வண்டின்னா தூசி இருக்காதா?”

அந்த இருட்டு ஷெட்டுக்குள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நின்றாய். அது எதற்கு என்று கேட்டேன். “மெட்ராஸ் ஐ நைனா. பக்கத்துல வராத, உனக்கும் ஒட்டிக்கும்” என்றாய். நான் மடையன், சிரித்துக்கொண்டே தள்ளி நின்றேன். ஆறு வாரம் மெட்ராஸ் ஐ வந்தவனை உலகத்தில் நீ ஒருவனைத்தான் பார்த்தேன். உள்ளே கண் மஞ்சள் பூத்துக் கிடந்திருக்கிறது. சட்டை தொளதொளத்ததைக் கேட்டதற்கு டயட் என்றாய். எண்ணெயைத் துடைத்த மாதிரியே உன் ஈரலையும் துடைத்துவைத்தாய். பத்து மாதம்!

கவரைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக உன் வீட்டுக்குள் போய் ஸ்டெல்லாவிடம் கத்தினேன். அவள் உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய பெட்ஷீட்டில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தாள். நம் அறுபத்தெட்டு கவர். நட்டு உட்காரும் இடம் குழிந்து, ஓரம் பிய்ந்திருந்தது.

“லேசா கசிஞ்சுதாம்ணே. நிக்கட்டும்னு இறுக்கிட்டாரு, பிஞ்சிடுச்சு. உங்ககிட்ட சொல்லுங்கன்னு நானும் சொன்னேன். ‘அவன் கத்துவான் ஸ்டெல்லா, எல்லார் எதிர்லயும் கத்துவான்’னாரு.”

“கவருக்குக் கத்துவேன், சரி. உடம்புக்கும் கத்துவேனா?”

அவள் அந்தப் பெட்ஷீட்டை மடித்தாள். “அதுக்கும் இதையேதாண்ணே சொன்னாரு” என்றாள்.

எனக்கு அடையாறு பெட்ரோல் பங்க் ஞாபகம் வந்தது. நம்மைப் போலப் பழைய கார் வைத்திருக்கிற பத்துப் பேர் கூடி நின்ற நாள். யாரோ பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள். நீ எண்ணெய் ஊற்றும் மூடியைத் தொலைத்துவிட்டு, எழுபத்திநாலு மாடல் மூடியைப் போட்டிருந்தாய். “ஏலே, எந்த வருஷத்து மூடியைக் கொண்டாந்து எதுல வச்சிருக்க? கண்ணு அவிஞ்சா போச்சு?” என்று பங்க் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். நீ அந்த மூடியைத் திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். மந்தைவெளி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது, “இன்னா நைனா, ஒரு மூடிக்கு இவ்ளோ சத்தமா?” என்றாய். அவ்வளவுதான். அடுத்த காபிக்குள் நான் அதை மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை.

சரி, கத்துகிறவன்தான் நான். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு மேலே கத்திக் கத்தி ஊறிப்போன தொண்டை. அதற்காக? கத்திவிட்டு உன்னைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடியிருப்பேனே. கடையை மகனிடம் விட்டுவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே. என் சத்தத்துக்குப் பயந்து சாகிற அளவுக்கு நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன்? கடைசியில் ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது உனக்கு நினைவில்லை. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். “சத்தம் போடாதீங்க சார்” என்றாள் நர்ஸ். அங்கேயும் எனக்கு அதே பெயர்தான்.

அந்த எழுபத்திநாலு கவரையே திரும்ப மாட்டினேன், இரண்டு பேக்கிங்கோடு. புதுப்பேட்டைக்குப் போனால் சரியான கவர் கிடைக்கலாம். போக மாட்டேன். டேஷ்போர்டைத் திறந்தால் உன் பனியன் வேஸ்ட் ஒரு உருண்டை, எண்ணெயில் ஊறிக் கிடந்தது. அதை எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். துடைக்கவில்லை. வழிந்தால் வழியட்டும் என்று வண்டியை வெளியே எடுத்தேன். அன்றிலிருந்து அந்த உருண்டை என்னோடுதான் இருக்கிறது. சட்டையில் கறை பட்டதற்கு என் வீட்டில் தினமும் திட்டு.

அபிராமபுரம் தாண்டி, தேனாம்பேட்டை சிக்னலில் நின்றபோது பக்கத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுகிறவன் எட்டிப் பார்த்தான்.

“பெர்சு, கீழ ஆயில் ஒழுவிகினு கீது. பாத்துக்க.”

யாரோ, எவனோ. விளக்கு பச்சைக்கு மாறுவதற்குள் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

“தெரியும்பா, பாத்துக்கிடுதேன்” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். உன்னிடமும் இப்படி மெதுவாகச் சொல்லியிருப்பேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன். கத்தித்தான் இருப்பேன், தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஆனாலும் ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கலாமேலே.