பல்லுக்கு வேலை

நயேலி,

சந்தைக்குப் போகிறேன். ரமோனா கடையில் சுட்ட மீனை மென்று தின்னப்போகிறேன். எடை குறைய ஆபரேஷனில் வயிற்றை வெட்டிச் சுருக்கி நாலு மாதம், இருபத்தைந்து கிலோ இறங்கியாயிற்று. நேற்று போசோலே சூப்பைக்கூடச் சோளம், பன்றிக்கறியோடு கூழாக அரைத்துவைத்தாய். கேட்டால், "அரைச்சாத்தாம்மா சத்து ஒட்டும்" என்கிறாய்.

டாக்டரம்மா என்ன சொன்னார்? "சத்துக்கு மாத்திரை இருக்கு. இனி பல்லுக்கு வேலை குடுங்க. அரைச்சது வழுக்கிட்டு எறங்கிடும், உடனே பசிக்கும்." நீ அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இரும்பு மாத்திரை போட்டுவிட்டேன். கால்சியம் மதியம். சாவி பக்கத்து வீட்டில்.

ஆஸ்பத்திரி நாற்காலியில் மூன்று நாள் உட்கார்ந்தே தூங்கினாயே, மறக்கவில்லை. அதற்காகக் கூழ் குடிக்க மாட்டேன்.

அம்மா

பி.கு.: மிக்ஸி ஜாரைத் தேடாதே. மண் நிரப்பிக் கொத்தமல்லி விதைத்துவிட்டேன். முளைத்ததும் அதையும் மென்றுதான் தின்பேன்.