படாத அடி

அன்புள்ள இவளே,

இங்கே எல்லோரும் நலம். உன் இடுப்பு வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தேய்த்துக்கொள், பத்திரப்படுத்தி வைக்காதே. முதியோர் இல்லத்தில் உன்னோடு வேலை செய்கிற தங்கச்சி லீவு முடிந்து நாளைக்கு அங்கே கிளம்புகிறாள். அவளிடம் கொடுத்துவிடுகிறேன். "இந்தக் காலத்துல கடிதமா அண்ணா?" என்று சிரித்தாள். ஃபோனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், நான் வழவழ கொழகொழ என்று இழுப்பேன். போதாக்குறைக்கு நம் வீட்டில் ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையில் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

சமையலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. லேபில் வேலை நெருக்குகிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நான் செய்துகொடுத்த பல் செட் ரொம்ப வெள்ளையாக இருக்கிறது, போட்டுக்கொண்டு சிரிக்கவே கூச்சமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். வயதுக்குத் தகுந்தபடி கொஞ்சம் மஞ்சளாக்கிக் கொடுத்தேன். இப்போது தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சிரிக்கிறாராம்.

இனி உன் மகள் சுண்டு விஷயம். அவள் வலது கை நடுவிரல் வீங்கியிருக்கிறது. பதறாதே. படம் எடுத்துப் பார்த்தாயிற்று, எலும்புக்கு ஒன்றுமில்லை. கட்டுப் போட்டிருக்கிறது. எப்படி ஆனது என்று சொல்கிறேன்.

அவள் பள்ளி விளையாட்டுக்கூடத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிலிப்பைன்ஸ் நாட்டுச் சண்டைக் கலைப் பயிற்சி என்று அறிவித்திருந்தார்கள். கையில் பிரம்பை வைத்துக்கொண்டு போடுகிற சண்டை. சுண்டு அவளாகவே பெயர் கொடுத்துவிட்டாள். சின்னப் பிள்ளைகள் வந்தால் வீட்டிலிருந்து ஒருவர் கூட வரவேண்டும் என்பதால் என்னிடம் சொல்லியே ஆக வேண்டியதாயிற்று. "சனிக்கிழமை வரணும்" என்றாள். ஒரு மாதமாக "ம்", "சரி", "தெரியாது" இந்த மூன்றை வைத்தே காலம் தள்ளிக்கொண்டிருந்த பெண் ஒரு முழு வாக்கியம் பேசிவிட்டாளே என்று, என்ன ஏது என்று கேட்காமலே தலையாட்டிவிட்டேன்.

நான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்றுதான் போனேன். போன இடத்தில் ஜோடிக்கு ஒரு ஆள் குறைந்தது. மாஸ்டர் ஒரு பெண். உன் உயரம்தான் இருப்பார், அந்த நாட்டிலேயே பல வருடம் தங்கிக் கற்றவராம். "ஐயா, சும்மாதானே இருக்கீங்க, வாங்க" என்று கையில் பிரம்பைத் திணித்துவிட்டார். லேபுக்குப் போட்டுப் போகிற பேன்ட்டோடு, கண்ணில் அடி படாமலிருக்க அவர்கள் கொடுத்த கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு நான் நின்ற கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பல் போனாலும் பரவாயில்லை, நானே கட்டிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அவர்கள் முறை இது. எதிரெதிரே நின்று பிரம்பை நெஞ்சில் வைத்து வணக்கம் சொல்ல வேண்டும். பிறகு ஒருவர் அடிக்க வேண்டும், மற்றவர் தடுக்க வேண்டும். அடிக்கிறவரை அவர்கள் ஊட்டுகிறவர் என்கிறார்கள். சாப்பாடு மாதிரி அடியை ஊட்டுகிறாராம். மாஸ்டர் கை தட்டினால் ஆள் மாறிக்கொள்ள வேண்டும். முதல் அடி நெற்றிப்பொட்டுக்கு. "மெதுவா அடிங்க, ஆனா அங்கதான் அடிக்கணும்" என்று மாஸ்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

பெற்ற பிள்ளையின் நெற்றிப்பொட்டில் அடிக்க யாருக்குக் கை வரும், நீயே சொல். நான் சுண்டுவின் தலைக்கு ஒரு சாண் தள்ளியே வீசினேன். பார்க்கிறவர்களுக்கு அடி மாதிரி இருக்கும், ஆனால் படாது. அவளும் டக் டக்கென்று தடுத்தாள். எனக்கு ஒரே பெருமை. பிறகு மாஸ்டர் கை தட்டினார். அவளுக்கு எதிரே செக்யூரிட்டி வேலை பார்க்கிற ஒருவர் வந்து நின்றார். நல்ல மனிதர். மெதுவாகத்தான் அடித்தார், ஆனால் சொன்ன இடத்துக்கு அடித்தார். என் அடிக்குப் பழகியிருந்த சுண்டு பிரம்பை எங்கேயோ தள்ளி நீட்டியிருந்தாள். அவர் பிரம்பு அவள் விரலில் விழுந்துவிட்டது.

நான் பாய்ந்து போய் அந்த மனிதரைக் கன்னாபின்னாவென்று கத்திவிட்டேன். பாவம், அவர் பிரம்பைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். மாஸ்டர் சுண்டுவின் விரலைப் பார்த்து ஐஸ் வைத்துவிட்டு, நிதானமாக என் பக்கம் திரும்பினார். "அவர் மேல தப்பில்லைங்க. உங்க அடி எதுவுமே இவகிட்ட வந்து சேரல. தடுக்காம நின்னாக்கூடப் பட்டிருக்காது. அப்புறம் எதைத் தடுக்கக் கத்துக்குவா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் சுண்டு, "எங்கப்பா எல்லாத்துலயும் இப்படித்தான் மாஸ்டர். அம்மா எப்ப வராங்கன்னு கேட்டாலும் இப்படித்தான்" என்றாள். அத்தனை பேர் முன்னால்.

உன் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிவிட்டார்கள் என்று நீ சொன்ன அன்று, "சுண்டுகிட்ட இப்ப சொல்லாதீங்க, பரீட்சை முடியட்டும்" என்றாயே. நானும் சரி என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கும்போதெல்லாம் லீவு கேட்டிருக்காங்கம்மா, டிக்கெட் பார்த்துட்டிருக்காங்கம்மா என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். அவளும் பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து, உன் துணிக்கென்று பேப்பர் விரித்து வைத்திருக்கிறாள். நீ ஃபோன் செய்தால் அவள் வந்து பேசுவதில்லை என்று வருத்தப்பட்டாயே, காரணம் நீ நினைப்பது போல வயசுக் கோளாறும் இல்லை, நான் கொடுக்கும் செல்லமும் இல்லை. நாம் பேசியதில் பாதி அவள் காதில் விழுந்திருக்கிறது. மீதிப் பாதியை யாராவது சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் கூடத்தின் வாசல்படியில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். ஆமாம், உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன், கோபித்துக்கொள். அம்மா இந்த வருடம் வரமாட்டாள், இன்னும் இரண்டு வருடம் ஆகும், அந்த முதியோர் இல்ல வேலையை விட்டால் இப்போதைக்கு நமக்கு வேறு வழியில்லை என்று நேராகச் சொன்னேன். சுண்டு டப்பாவை மூடினாள். "லீவுக்குக்கூடவா?" என்று கேட்டாள். லீவுக்கும் வரமாட்டாள் என்றேன். பிறகு அழுதாள் பார், என்னால் தாங்க முடியவில்லை. ஏதாவது சொல்லி சமாதானப்படுத்தலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்து, மூக்கை என் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, டப்பாவைத் திறந்து மிச்சத்தைச் சாப்பிட்டாள். என்னுடையதிலும் பாதி போயிற்று.

உள்ளே போனதும் முதலில் செக்யூரிட்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், எனக்கும் பொண்ணு இருக்கு" என்றார். சுண்டு இடது கையில் பிரம்பைப் பிடித்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். "இப்ப ஒழுங்கா அடிங்கப்பா" என்றாள். இந்த முறை நெற்றிப்பொட்டுக்கே அடித்தேன். தடுத்தாள். மறுபடி அடித்தேன், தடுத்தாள். கொஞ்ச நேரத்தில் என்ன செய்தாளோ தெரியாது, என் மணிக்கட்டை ஒரு திருகு திருகினாள், என் பிரம்பு பறந்து போய்ச் சுவரில் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். இவளே, அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஓயாமல் பேசினாள். அந்த மாஸ்டர், கால் வைக்கிற முறை, பாய் முடைகிற மாதிரி இரண்டு பிரம்பையும் மாற்றி மாற்றிச் சுற்றுவது என்று என் காதே புளித்துப்போயிற்று. ஞாயிறும் போனோம். எனக்குத்தான் தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை.

அதனால் அவளைப் பெரியம்மா வீட்டில் விடலாம் என்று நீ சொன்னாயே, அந்தப் பேச்சை இனி எடுக்காதே. அவள் என்னோடு இருக்கட்டும். நாங்கள் சமாளித்துக்கொள்வோம். சண்டை போட்டாலும் இனி நேருக்கு நேர்தான் போடுவோம்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது ஃபோனை நான் எடுக்க மாட்டேன், அவள்தான் எடுப்பாள். சாப்பிட்டியா, படிச்சியா என்று ஆரம்பிக்காதே. இரண்டு வருடம் என்பதை உன் வாயால் நீயே சொல். அவள் கோபப்படுவாள், அழுவாள், உன்னை என்னென்னவோ கேட்பாள். எனக்காக ஒரு சமாதானமும் சொல்லாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொள். அவள் ஒன்றுமே பேசாமல் நின்றாலும் ஃபோனை மட்டும் வைத்துவிடாதே. மூச்சுச் சத்தம் கேட்கும். அது உன் பிள்ளைதான், உன்னை விட்டு எங்கேயும் போகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் "ஏங்க"