நீ எழுதி வாங்கிய ஐந்து கடிதங்கள்

கையெழுத்து வாங்காமல் ஸ்டோரிலிருந்து ஒரு நட்டைக்கூட வெளியே விடாத என் நைனாவுக்கு,

உன் மகள் கலா எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் உத்தரவு கிடைத்துவிட்டது. குமரேசன் இனி என்னையோ யாழினியையோ தொடக் கூடாது, மிரட்டக் கூடாது, பொம்மசந்திராவில் நாங்கள் இருக்கும் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. இதை முதலில் உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உன்னோடு சண்டை போட வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டையும் இந்தக் கடிதத்திலேயே முடித்துக்கொள்கிறேன்.

பதினாறு வருஷம் குடித்தனம் நடத்திய புருஷனைப் பெயர் சொல்லி எழுதுகிறாளே என்று நினைக்காதே. ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. குமரேசன் என்று எழுதினால் நன்றாக ஓடுகிறது.

முதல் தடவை அடி வாங்கிக்கொண்டு விவேக் நகரில் நம் வீட்டுக்கு வந்து நின்றேனே, ஞாபகம் இருக்கிறதா? யாழினி அப்போது கைக்குழந்தை. அம்மா என் மணிக்கட்டுக்கு ஒத்தடம் கொடுத்தாள். நீ மறுநாள் பீன்யா கம்பெனிக்கு ஸ்டோர் கீப்பர் வேலைக்குப் போகவில்லை. லீவு போட்டு, சட்டைப் பையில் பேனாவோடு, என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாய். நீ அவன் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்கப்போகிறாய் என்று நினைத்தேன். நீயோ ஒரு வெள்ளைத் தாளை அவன் முன்னால் வைத்தாய்.

“என்ன சேதம்னு எழுதாம கையெழுத்து வாங்கினா அது பேப்பரே இல்ல மாப்ளே. எழுதுங்க. இடது மணிக்கட்டு வீக்கம். மேலுதட்டுல காயம். ரெண்டும் நான் அடிச்சதால. இனிமே நடக்காது. கீழ தேதி போடுங்க.”

அவன் எழுதினான். மாடியில் இருந்த வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். நீ தாளை நாலாய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாய், “எழுத்துல வாங்கிட்டேன்மா. இனிமே கைய வெக்க மாட்டான். தைரியமா இரு.” அப்புறம் நீ பஸ் ஸ்டாப்புக்குப் போனாய், நான் வீட்டுக்குள் போனேன். உன் ஸ்டோரிலிருந்து கையெழுத்தின் பேரில் வெளியே போகிற சாமானைப் போலத்தான் போனேன் நைனா. அன்றைக்கு எனக்குக் குமரேசன் மேல் வந்த கோபத்தைவிட உன் மேல் வந்த கோபம் அதிகம். உனக்குத் தெரியாமல் போனது அதுதான்.

இப்படி ஐந்து தடவை. ஐந்து கடிதம். ஒவ்வொரு தடவையும் சேதத்தை ஒன்றுவிடாமல் எழுத வைத்தாய். ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்ப விட்டாய். மகளுக்கு வாழாவெட்டி என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம் உனக்கு. எனக்கு வந்த பயம் வேறு. ஆறாவது தடவை அவன் தள்ளியதில் முழங்காலில் அடிபட்டபோது நான் உன்னிடம் வரவே இல்லை. வந்தால் ஆறாவது கடிதம் எழுதி வாங்குவாய், மறுபடி பஸ் ஏற்றுவாய், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டேன். போனில் “நல்லா இருக்கியாம்மா?” என்று கேட்பாய். “நல்லா இருக்கேன் நைனா” என்பேன். எட்டு மாதம் இப்படியே போனது. அதற்குள் நீயும் போய்ச் சேர்ந்தாய்.

நீ போன பிறகு மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. திறக்க வைத்தவள் ரெஹானா. மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் கம்பெனியில் எனக்குப் பக்கத்து இருக்கை. ஒரு நாள் என்னால் மேல் தட்டிலிருந்து பெட்டியை எடுக்க முடியவில்லை. அவள் பார்த்துவிட்டாள்.

“ஏன்டி, தோள்பட்டை என்னாச்சு? பாத்ரூம்ல விழுந்தேன்னு மட்டும் சொல்லிடாத. நானும் ரெண்டு வருஷம் அதே பாத்ரூம்ல விழுந்தவதான்.”

நைனா, நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதேன். மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் அவளே என்னை முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். எப்படி அடிபட்டது என்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லி எழுதி வாங்கச் சொன்னாள். பிறகு அரசு அலுவலகத்தில் இதற்கென்றே இருக்கும் பாதுகாப்பு அதிகாரியிடம் கூட்டிப்போனாள். அப்படி ஓர் அதிகாரி இருப்பதே எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் நீ வெள்ளைத் தாளைத் தேடியிருப்பாயா?

அந்த அதிகாரி அம்மா கன்னடக்காரர். “பழைய பேப்பர் ஏதாவது இதெயா, இருக்கா?” என்று கேட்டார். விவேக் நகரிலிருந்து நம் அம்மா உன் பச்சை நிற ஃபைலைக் கொண்டுவந்து கொடுத்தாள். துளை போட்டு, கயிறு கட்டி, வரிசை எண் போட்டு வைத்திருந்தாயே, அதே ஃபைல்.

“தமிழ் பேசுவேன்மா, ஓதக்கே பரல்ல, படிக்க வராது. நீயே படிச்சு சொல்லு” என்றார்.

என்னுடைய அடிகளை, அடித்தவன் எழுதிய வார்த்தைகளில், நானே சத்தமாகப் படித்தேன். மணிக்கட்டு, உதடு, காதுக்குப் பின்னால் வீக்கம், பிடுங்கிய முடி, முதுகில் பெல்ட் தழும்பு. இரண்டாவது கடிதத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். நாலாவதை நிறுத்தாமல் படித்தேன். ஐந்தாவதை முடித்தபோது அந்த அம்மா மேஜையைத் தட்டினார். “உங்க அப்பா வக்கீலா?” என்றார். ஸ்டோர் கீப்பர் என்றேன். “அஞ்சு வாக்குமூலம் வாங்கி வெச்சிருக்காரும்மா. தேதி, சாட்சி, எல்லாம் இருக்கு” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. என்னைத் திருப்பி அனுப்பியதற்கு நீ வைத்துக்கொண்ட ரசீது, என்னை விடுவிக்கும் சாட்சியாக மாறும் என்று நீயே நினைத்திருக்க மாட்டாய்.

அப்புறம் அவர் ஐந்தாவது கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். “பின்னாடி சிவப்புல என்னமோ எழுதியிருக்கே?”

உன் சிவப்புப் பேனா. ஒரு பொருளை இனிமேல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றால் உன் ஸ்டோரில் அதன் மேல் எழுதி வைப்பாயே, சின்ன வயதில் நான் தொட்டாலே திட்டுவாயே, அதே பேனா. ‘ஹோல்டு. கலாவை இனி அனுப்பக் கூடாது. வந்தால் இங்கேயேதான்.’ கீழே உன் கையெழுத்து. அன்றைய தேதி. என்னை அவனிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் எழுதியிருக்கிறாய்.

என்னால் அதைச் சத்தமாகப் படிக்க முடியவில்லை நைனா. இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஃபைலிடம் சொன்னாய், அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ அங்கே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய், நான் இங்கே இன்னொரு கடிதத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். போனில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதுமே. அந்த எட்டு மாதத்தை யார் எனக்குத் திருப்பித் தருவார்கள்?

அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டார், “ஹேளம்மா, சொல்லு. இந்தக் கடிதத்துல எழுதாதது ஏதாவது இருக்கா?”

இருந்தது. படுக்கையறையில் நான் வேண்டாம் என்று சொன்ன நாட்களில் நடந்தவை. நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பனிடம் எந்த மகள் அதைச் சொல்வாள்? அதைப் புகார் என்றுகூட நான் நினைத்ததில்லை. “கட்டின புருஷன்தானேம்மா, அதை எப்படிச் சொல்றது?” என்றேன்.

“கட்டிக்கிட்டா வேண்டாம்னு சொல்ற உரிமை போயிடுமா? பாரு, அதுக்குத் தனியா இடமே விட்டிருக்கு” என்று ஓர் அச்சடித்த படிவத்தைத் திருப்பிக் காட்டினார். அடி உதைக்கு ஒரு பகுதி, பாலியல் கொடுமைக்கு ஒரு பகுதி, கேவலமாகப் பேசுவதற்கு ஒன்று, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதற்கு ஒன்று. எனக்கு மட்டும் நடந்தது என்று நான் பதினாறு வருஷம் ஒளித்துவைத்ததற்கு அரசாங்கமே படிவம் அடித்து வைத்திருக்கிறது! நீ பார்த்திருந்தால் ரசித்திருப்பாய், அவ்வளவு ஒழுங்கான படிவம். நான் சொல்லச் சொல்ல அந்த அம்மா எழுதினார். எழுதி முடித்ததும் முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது.

இலவசமாக ஒரு வக்கீலும் கிடைத்தார். வீட்டு அக்ரிமென்ட் குமரேசன் பெயரில் இருக்கிறதே என்று பயந்தேன். யார் பெயரில் இருந்தாலும் நான் குடித்தனம் நடத்திய வீட்டிலிருந்து என்னைத் துரத்த முடியாது என்றார். கோர்ட்டில் குமரேசன் என்ன சொன்னான் தெரியுமா? மாமனார் மிரட்டி எழுதி வாங்கினாராம். ஜட்ஜ் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். குமரேசன் ஆறடி ஆள். “ஐந்து தடவையுமா?” என்று கேட்டார். சட்டை தோளில் நிற்காத நீ, ஐந்து தடவை மிரட்டினாயாம்! என் வக்கீல் சிரிப்பை அடக்கக் கஷ்டப்பட்டார்.

வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டேன். யாழினி இப்போது பயமில்லாமல் கதவுக்கு நேராகப் படுத்துத் தூங்குகிறாள். கம்பெனியில் இதுவரை மூன்று பேர் என்னிடம் வந்து மெல்லப் பேச்சுக் கொடுத்தார்கள். ஏன் இத்தனை நாள் பொறுத்தாய் என்று நான் யாரையும் கேட்கவில்லை. அந்த அலுவலகத்துக்குத் துணைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஒருத்தியோடு போயும் வந்தேன்.

உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்காதே. பாதி தீர்ந்தது. மீதி இருக்கட்டும், அது எனக்கு உபயோகப்படுகிறது. உனக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நீ சிவப்பு மையில் எழுதி மூடி வைத்ததை நான் மூடி வைக்க மாட்டேன். நேற்று யாழினி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் எதிரில் உட்கார்ந்து சொன்னேன், “நாளைக்கு உனக்கு எந்த வீட்டுல என்ன நடந்தாலும், நேரா இங்க வா. உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டேன்.” அவள் சோற்றை மென்றுகொண்டே, “தெரியும்மா” என்றாள்.

தெரிந்தாலும் சொல்லிவிட வேண்டும் நைனா. சொல்லிவிட்டேன்.

தேதி போட்டிருக்கிறேன், கையெழுத்தும் போட்டிருக்கிறேன், சரிபார்த்துக்கொள்.

நீ திருப்பி அனுப்பிய, நீ காத்திருந்த,
உன் மூத்த மகள்
கலா