உலையில் குறைந்த இரண்டு மணி நேரம்

அக்கா,

உன் ஆய்வு நோட்டைத் திறந்தால் இன்னும் அசிட்டோன் வாடை அடிக்கிறது. உன்னோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அண்ணன் நேற்றுக் கொண்டுவந்து, ஒரு நாள் வைத்திருக்கக் கொடுத்தார். "உங்கக்கா பேர்லயே கட்டுரை வரப்போகுதும்மா" என்றார். அம்மா நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னால் உட்காரவே முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தே வீட்டைத் தேய்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் உன் வாலைப் பிடித்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். நீ அரைத்த கறுப்புப் பொடி உலையில் வெந்துகொண்டிருந்தது.

"உள்ள இரும்பும் மாலிப்டினமும் ஒண்ணுவிட்டு ஒண்ணு உக்காரணும்டி. அஞ்சு மணி வரைக்கும் சூடு குடுத்தாத்தான் அதது எடத்துக்கு வரும். எடம் மாறி உக்காந்தா காந்தம் செத்துரும்."

"எங்க கிளாஸ்ல நான் எடம் மாறி உக்காந்தா டீச்சர் உசிருதான் போகுது" என்றேன். குட்டினாய்.

பக்கத்து அறையில் பெரிய மின்காந்தம். அதனருகே கடிகாரம் நின்றுபோகும் என்று நீங்கள் எல்லோரும் கழற்றிவிட்டுத்தான் போவீர்கள். உன்னுடையதை என் கையில் கட்டிவிட்டாய்; மணி பார்க்க அங்கே வேறெதுவும் இல்லை. எனக்கோ திருப்பரங்குன்றம் மலை ஏறும் அவசரம். முள்ளை இரண்டு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டு, "மணி அஞ்சுக்கா" என்று காட்டினேன்.

பொடியை எடுத்துவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாய். "அஞ்சு மணிக்கு எம்புட்டு வெயிலு!"

"உனக்காகச் சூரியன் ஓவர்டைம் பாக்குதுக்கா."

சிரித்தாய். பஸ்ஸில் நீ கண்ணயர்ந்ததும் முள்ளைத் திருப்பிவைத்தேன்.

மறுநாள் அளந்தபோது, பொடியில் எதிர்பார்த்த காந்தத்தில் பாதிகூட இல்லை. அந்த வாரம் முழுக்கச் சோற்றைப் பிசைந்தபடி, "நான் சரியா அரைக்கல போல" என்று கொப்புளக் கையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் இன்னொரு கரண்டி ரசம் கேட்டேன். மறுபடி செய்து பார்க்க மாலிப்டினம் தீர்ந்துபோயிருந்தது. புது டப்பா வருமுன் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

"முழு நேரம் சுட்டும் அணுக்கள் ஒழுங்காக அமையவில்லை." உன் நோட்டின் கடைசி வரி. அதைத்தான் கண்டுபிடிப்பு என்று அச்சடிக்கப் போகிறார்கள். உன் பெயரில், என் பொய்.

இன்று காலை அந்த வரிக்குக் கீழே எழுதினேன்: "இரண்டு மணி நேரம் குறைவு. கடிகாரத்தை மாற்றியது நான்." நோட்டை வாங்க வந்த அண்ணன் நின்றுகொண்டே படித்தார். அம்மா காபியோடு வந்தாள்.

"கட்டுரை வராதும்மா" என்றார் அவளிடம். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப உங்கக்கா அரைச்சதுல ஒரு குத்தமும் இல்ல."

அதை நீ கேட்டிருக்க வேண்டும் அக்கா. அந்த வாரமே, சோற்றுக்கு முன்னால், என் வாயால்.