கவிழ்த்து வைத்த தம்ளர்

சிரித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும் என் ஏழுமலை அண்ணாவுக்கு,

சதுரங்கப்பட்டினத்தில் எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பயமாக இருக்கிறது அண்ணா. மீன் ஏலத்தில் நான் வாயைத் திறந்தால் சென்னை வியாபாரியே ஒரு அடி தள்ளி நிற்பான். அப்படிப்பட்டவள் வியாழக்கிழமையை நினைத்து ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை என்ன என்கிறாயா? உன் பட்டாளத்துச் சிநேகிதர், என் வீட்டுக்காரர் சேகர், உன் கடைசி நாளைப் பற்றி அன்றைக்குத்தான் வாய் திறக்கப் போகிறார். நானும் பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.

நீ போன பிறகு அவரும் பட்டாளத்தை விட்டு வந்துவிட்டார். வந்தது உடம்பு மட்டும்தான். தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். பிள்ளை பின்னாலிருந்து கட்டிக்கொண்டால் கையை ஓங்கிவிட்டு, அப்புறம் அழுவார்.

முன்பு ஒரு டாக்டரிடம் போனோம். முதல் நாளே, கண்ணை மூடு, நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லு என்றார். பாதியில் எழுந்து போன இவரை டச்சுக் கோட்டைக்குள், இடிந்த சுவர் ஓரமாகக் கண்டுபிடித்தேன். என்னைப் பார்த்து "யாரு நீ?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

இப்போது செங்கல்பட்டில் ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. பேச்சுதான் வைத்தியம். எதை முதலில் பேசுவது, எங்கே நிறுத்துவது எல்லாம் வைத்தியத்துக்கு வந்தவர் கையில். பட்டாளத்திலிருந்து வந்தவர்களில் பாதிப் பேருக்கு இப்படி, மீதிப் பேருக்கு வழக்கமான வரிசைப்படி. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். அவருக்கு இது விழுந்தது. அவருக்கு ஒரு காயமா இருக்கிறது? சுனாமி கண்ணெதிரே அவர் அம்மாவைக் கொண்டு போனது, அப்புறம் பட்டாளம், அப்புறம் நீ.

"இதுல குணமாயிடுமா மேடம்?" என்று கேட்டேன். அவரிடம் பேசுகிற மேடம் ரெஹானா, மதுராந்தகத்துப் பெண். "தெரியலக்கா. தெரிஞ்சிக்கத்தான் செஞ்சி பாக்குறோம்" என்றார். தெரியாது என்று சொல்கிற ஆளை ஆஸ்பத்திரியில் நான் பார்த்ததே இல்லை. நம்பிக்கையும் வந்தது, பயமும் வந்தது.

முதல் நாள் என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார்கள். டீ வந்தது. குடித்துவிட்டு இவர் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. டீ போதும் என்கிறார் என்று மேடம் நினைத்துக்கொண்டார். எனக்குப் பகீரென்றது. அது உன் பழக்கம் அல்லவா? அம்மாவோடு சண்டை வந்தால் தம்ளரைக் கவிழ்த்துவிட்டு உம்மென்று இருப்பாயே. யாரும் உன்னிடம் பேசக் கூடாது. நான்தான் மெல்ல வந்து, ஒரு குட்டு வாங்கிக்கொண்டு நிமிர்த்துவேன். பட்டாளத்தில் அதை அவருக்கும் தொற்றவைத்துவிட்டாயா?

மேடத்திடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அதுவே நமக்கு அடையாளமா இருக்கட்டும். நீங்க கவுத்தா நான் நிறுத்திடுறேன்ணா" என்று இவரிடம் சொன்னார். அன்றிலிருந்து டீ இல்லாவிட்டாலும் மேசையில் தம்ளர் உண்டு. சில வாரம் இவர் மீன் வலையைப் பற்றியே பேசினார். ஒரு தடவை மாமல்லபுரம் கடற்கரையில் நடந்துகொண்டே பேசினார்கள். இதற்கா பஸ் ஏறி வருகிறோம் என்று முணுமுணுத்தேன்.

பிறகு, சுனாமி கொண்டு போன தன் அம்மாவைப் பற்றி அவர் சொன்ன நாள் வந்தது. கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை, அதனால் வெளியே பெஞ்சிலிருந்து எனக்குத் தெரிந்தது. கை தம்ளரைத் தொட்டது, கவிழ்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஆள் இருந்தால் ஆகாது என்று பஸ்ஸில் எப்போதும் கடைசி சீட்டில்தான் உட்காருவார். அன்றைக்கு நடுவில் உட்கார்ந்து, என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

நேற்று சாப்பிடும்போது சொன்னார். "வர்ற வாரம் ஏழுமலயப் பத்தி சொல்லப்போறேன். நீயும் வந்து குந்து."

"நான் இன்னாத்துக்கு?"

"ஒரு தபாதான் என்னால சொல்ல முடியும். உனக்கும் தெரியணும்ல? பயமா கீது தனம்."

"எனக்கும்தான்யா."

உன் உடல் வந்த பெட்டியைத் திறக்கவே விடவில்லை அண்ணா. அம்மா பலகையைத் தடவித்தான் அழுதாள். வலித்ததா, தண்ணீர் கேட்டானா, என் பேரைச் சொன்னானா என்று எத்தனை முறை அவரிடம் கேட்டிருப்பேன்! பதில் வருகிறது என்றதும் வேண்டாம் என்று தோன்றுகிறது. சொல்லி முடித்துவிட்டு அவர் மறுபடியும் அந்தச் சுவர் ஓரம் போய்விட்டால்? உன்னைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டால்? என்ன முகத்தோடு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீடு திரும்புவேன்?

மேடத்துக்குப் போன் செய்து இதையெல்லாம் கொட்டினேன். "உங்களுக்கும் ஒரு தம்ளர் வெக்கிறேன்க்கா" என்றார்.

போகிறேன் அண்ணா. தாங்க முடியாவிட்டால் நானும் கவிழ்ப்பேன், உன் ரத்தம்தானே. ஆனால் அடுத்த வாரமும் அதே பஸ் ஏறிப் போய், என் கையாலேயே அதை நிமிர்த்தி வைப்பேன். என்ன கேட்டிருந்தாலும், திரும்பும்போது நடுச் சீட்டில் அவர் பக்கத்தில்தான் உட்காருவேன். இது உன் மேல் சத்தியம்.

குட்டு வாங்கியாவது நிமிர்த்துகிற,
உன் தங்கச்சி தனம்