துபாய்க்குப் போன வாஷர்

6 ஜனவரி 2025

அம்பத்தூர் எஸ்டேட்டின் சக்கரவர்த்தி கலியமூர்த்தி இன்று காலை தன் சாம்ராஜ்யத்தைப் பார்வையிட்டான். படைபலம்: பார்வதம் ஒருத்தி. போர்த்தொழில்: தாய்லாந்திலிருந்து வரும் பம்ப் வாஷர்களை நம் பெயர் போட்ட பெட்டியில் அடைப்பது. வரியில்லா ஒப்பந்தத்தில் அவர்கள் சரக்கு பாதி விலைக்கு இறங்கியதும், ரப்பரை அச்சில் அழுத்தி வேகவைக்கும் நம் பிரஸ்ஸை நிறுத்தினேன். ஏழு பேரை வேலையை விட்டு அனுப்பினேன். விவசாயிக்கு வாஷர் மலிவு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஏழு பேர்?

9 ஜனவரி

துபாயிலிருந்து ஆர்டர்! ஐம்பதாயிரம் வாஷர்! அந்த நாட்டோடும் ஒப்பந்தம் உண்டாம், இங்கிருந்து போனால் அங்கே வரி கிடையாதாம். நான் குதித்த குதியில் ஆவடி வரை தண்டவாளம் ஆடியிருக்கும்.

10 ஜனவரி

அக்கா மகள் கார்த்திகா ஏற்றுமதி ஆபீசில் இருக்கிறாள். போனில் குண்டு போட்டாள்.

"சரக்கு இங்கயே செஞ்சதுன்னு சான்றிதழ் வேணும் மாமா. வெளியில வாங்கிப் பெட்டி மாத்தினா அது செஞ்சதாகாது."

"எவ்வளவு அழகா அடுக்குறோம் தெரியுமா?"

"அழகுக்கெல்லாம் சான்றிதழ் தர மாட்டாங்க மாமா."

சிரிக்கிறாள், கழுதை.

11 ஜனவரி

இங்கே செய்ததென்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் என்ன? யார் பார்க்கப் போகிறார்கள்? பேனாவை எடுத்தேன். பார்வதம் டீயோடு வந்தாள். தாளை மறைத்தேன் — ஏன் மறைத்தேன்? இந்த ஆர்டரும் போனால் மாசக் கடைசியில் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். அவளிடம் எப்படிச் சொல்வது?

12 ஜனவரி

சொல்லிவிட்டேன். பொய் எழுதப் பார்த்ததையும்.

"இன்னா மொதலாளி, பிரஸ்ஸு சும்மாதான கீது? ஹீட்டர மாத்து. நான் ஓட்னதுதான அது."

"சூடு ஏறலைன்னா?"

"நீ பக்கத்துல நின்னுகினு பேசு. ரப்பரு தானா வெந்துடும்."

20 ஜனவரி

பிரஸ் ஓடியது. நூறில் அறுபது பாழ். பார்வதம் என்னோடு பேசவில்லை. பிரஸ்ஸோடுதான் பேசிக்கொண்டிருந்தாள்.

27 ஜனவரி

பாழ் மூன்றுக்கு வந்துவிட்டது! கார்த்திகா நேரில் வந்தாள். ரப்பர் பில் முதல் பிரஸ் வரை எல்லாவற்றையும் பார்த்தாள். "சான்றிதழ் கெடச்சிடும் மாமா" என்றவள் பார்வதத்தைக் கட்டிக்கொண்டாள். நான் பக்கத்தில் தூண் போல நின்றேன்.

18 பிப்ரவரி

சரக்கு போய்ச் சேர்ந்தது. மாதாமாதம் வேண்டுமாம். லாபம் கடுகளவு. உள்ளூர்க் கடைகளுக்கு இன்னும் தாய்லாந்து சரக்குதான். அந்த விலைக்கு நான் செய்தால் இடுப்பில் வேட்டி மிஞ்சாது. அனுப்பிய ஏழு பேருக்கும் போன் போட்டேன். மூவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. மற்ற நால்வரும் திரும்பி வருகிறார்கள்.

3 மார்ச்

மத்தியானம் பார்வதம் இரண்டு கையையும் நீட்டினாள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத ரப்பர் கரி. "சோறு துன்ன ஸ்பூனு வாங்கிக் குடு மொதலாளி" என்றாள்.

கடைக்குப் போய் ஐந்து வாங்கி வந்தேன்.